சொந்தத்துக்குள் ஏது வாடகை

ஜெயரூபி என் கடைக்கு எதிர்வீட்டுக்குக் குடிவந்த அன்று, சாமான் என்று சொல்ல ஒரு காஸ் அடுப்பும் பழைய தையல் மெசினும் இரண்டு பாயும்தான் இருந்தன. மிச்சத்தைக் களப்போரத்து வீட்டோடு சேர்த்து வெள்ளம் கொண்டுபோய்விட்டது. புருஷன் யோகராசா வள்ளத்தில் விழுந்து முதுகு அடிபட்டவர். அவரை என் கடைக் கதிரையில் இருத்தித் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோனோம். மகள் தேனுகா பள்ளிக்கூடப் பையைக் கட்டிப்பிடித்தபடி பின்னால் வந்தாள்.

ஜெயரூபி விடிய எழும்பிச் சந்தையில் மீன் வெட்டுவாள். அது சோற்றுக்குச் சரி. வாடகைக்கு, வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த உதவிப்பணம். அவள் கைக்கு வந்த சூட்டிலேயே அது வீட்டுக்காரி பத்மாசனியின் கைக்குப் போகும்.

பத்மாசனி அந்த வீட்டைக் கட்டியது மகள் நிவேதிகாவின் சீதனத்துக்கு. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண்ணுக்குக் கொடுத்த வீட்டுக்கு வருவார். கலியாணம் பொருந்தும்வரை வீட்டைச் சும்மா பூட்டிவைக்காமல், வாய்ப்பேச்சில் யாரையாவது வாடகைக்கு இருத்துவதும் உண்டு. ஆனால் மாப்பிள்ளை பகுதிக்கு அது தெரியக்கூடாது. வீட்டைவிட்டு எழும்பமாட்டோம் என்று குடியிருந்தவர்கள் நாளைக்குச் சட்டம் கதைத்தால் என்ன செய்வது என்று பின்வாங்கிவிடுவார்கள்.

தையில் மாப்பிள்ளை பகுதி வீடு பார்க்க வந்தது. முதல் நாளே பத்மாசனி வந்து ஜெயரூபியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கட சொந்தம் எண்டு சொல்லுங்கோ. வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறியள் எண்டு. வேற ஒண்டும் வேண்டாம்.”

ஜெயரூபிக்கு எதையும் அரைகுறையாகச் செய்ய வராது. என் கடையில் பிஸ்கட் வாங்கித் தட்டில் அடுக்கினாள். நிவேதிகாவுக்குத் தான் சித்தி முறை என்றாள். மாப்பிள்ளையின் அக்கா லோஜினி தேநீரைக் குடித்துக்கொண்டே, “சித்தி, வாடகை குடுக்கிறியளோ?” என்று பகிடியாகக் கேட்டாள்.

“சொந்தத்துக்குள்ள ஏது வாடகை, பிள்ளை?”

எல்லோரும் சிரித்தார்கள். கடை வாசலில் நின்ற நானும் சிரித்தேன்.

மாசியில் வாடகை உதவியைச் சீர்திருத்தினார்கள். பழைய முறையில், உறவினர் வீட்டில் சும்மா இருந்தவர்களும் பணம் எடுத்தார்களாம். இனி உத்தியோகத்தர் நேரில் வந்து பார்ப்பார். வாடகை வாங்குவதாக வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டும். பணம் நேரே வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போகும். நியாயமான திருத்தம்தான். எனக்கு எரிச்சலே அதுதான், வாய் நிறையத் திட்டவும் வழியில்லை.

பார்க்க வந்த உத்தியோகத்தர் லோஜினி. அவளுக்கு அரசாங்க வேலை என்று எல்லோருக்கும் தெரியும். எந்தக் கந்தோர் என்று ஒருவரும் கேட்கவில்லை. படலையைத் திறந்ததும் அவளே திகைத்துப்போனாள்.

“சித்தி, நீங்களோ? நீங்கள் சொந்தம் எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

பக்கத்து வீட்டில் இருந்த பத்மாசனி சத்தம் கேட்டு ஓடிவந்தாள்.

“மாமி, இவையிட்ட வாடகை வாங்கிறனீங்களோ?”

பத்மாசனி ஜெயரூபியைப் பார்த்தாள். கும்பிடாத குறை.

“சொந்தத்திட்ட ஆர் பிள்ளை வாடகை வாங்கிறது?”

“அப்ப இந்த உதவி உங்களுக்கு வராது, சித்தி. குறை நினைக்காதேங்கோ. கையெழுத்து வைக்கிறது நானெல்லோ.”

எனக்குப் பொறுக்கவில்லை. “பிள்ளை, கொஞ்சம் நில்லுங்கோ” என்று றோட்டுக்கு இறங்கிவிட்டேன். ஜெயரூபி என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள். நான் மிளகாய்த்தூள் வாங்கிறியளோ என்று எதையோ கேட்டுவிட்டுத் திரும்பினேன். வெட்கக்கேடு.

பின்னேரம் ஜெயரூபியை நன்றாக ஏசினேன்.

“குமர்ப்பிள்ளையின்ர காரியம், அண்ணை” என்றாள். “என்ர வாயால அது குழம்பினால் நான் தாங்கமாட்டன். எனக்கும் ஒரு பொம்பிளைப்பிள்ளை இருக்கு.”



அடுத்த மாதம் பத்மாசனி வாடகைக்கு வந்து நின்றாள். பொல்லாதவள் அல்ல, அழுதுகொண்டுதான் நின்றாள். மாப்பிள்ளை பகுதி வீட்டு நிலத்துக்கு மாபிள் பதிக்கக் கேட்டிருக்கிறதாம், வாடகை இல்லாமல் அவளுக்கும் ஏலாதாம். ஆவணிக்குள் வீட்டை விடவும் வேண்டும் என்றாள். ஜெயரூபியின் தோடு அந்த மாதமே காதைவிட்டுப் போனது. பிறகு தையல் மெசின், அதற்குப் பிறகு யோகராசாவின் மோதிரம். ஓய்வு நேரமெல்லாம் அவள் வீடு தேடி அலைந்தாள். போன இடமெல்லாம் வீட்டுக்காரர்கள் முதலில் கேட்டது, அரசாங்க உதவி வருகிறதா என்பதைத்தான். இல்லை என்றதும் படலையைச் சாத்தினார்கள்.

ஆவணியில் கலியாணம். ஜெயரூபி சித்தியாகத் தட்டம் ஏந்தினாள், படத்துக்கு நின்றாள், பந்தியில் பரிமாறினாள். அவளுடைய சாமான்கள் அன்று காலையிலேயே என் கடைப் பின்னறைக்கு வந்துவிட்டன. யோகராசாவும் தேனுகாவும் அவற்றுக்கு நடுவில் இருந்தார்கள். ஒரு கிழமை இருக்கட்டும் என்று என் மனைவி சொன்னாள். அதற்கு அப்பால் என்ன என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பந்தியில் லோஜினி அன்பாகத்தான் கேட்டாள். “சித்தி, இனி எங்க இருக்கப்போறியள்?”

“சொந்தக்காரர் வீட்டில, பிள்ளை” என்றாள் ஜெயரூபி. “இன்னும் கொஞ்சம் பாயாசம் விடட்டோ?”

லோஜினி ஓம் என்று கோப்பையை நீட்டினாள்.