ஏழு நிறுத்தம், நான்கு கட்டளை

பணிமனையில் அவருக்கு ‘டபுள் டூட்டி’ என்று பெயர். விடியற்காலையிலிருந்து பிற்பகல்வரை நகரப் பேருந்தை ஓட்டுகிறார். பிறகு வீட்டுக்குப் போய், முகம் கழுவி, கணினி முன்னால் உட்கார்ந்து மறுபடியும் பேருந்து ஓட்டுகிறார். இப்படிப்பட்ட மனிதரை வேறு என்னவென்று கூப்பிடுவது?

வீட்டில் ஓட்டுவது கணினி விளையாட்டு. மலைப்பாதை, ஊசி வளைவு, பனிமூட்டம் எல்லாம் அதில் உண்டு. ஆள் நடமாட்டமே இல்லாத அந்த மலையிலும் சிவப்பு விளக்கைக் கண்டால் நிற்பார், பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் கதவை மூட மாட்டார். “நாள் பூரா ஓட்டினது பத்தலையா அண்ணே?” என்று நடத்துனர் கேட்டதற்கு, “அங்க நீ இல்லையே, அது போதாதா?” என்றார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது வாய் திறக்க மாட்டார். தலைக்கு மேல் ‘ஓட்டுநரிடம் பேசாதீர்கள்’ என்று எழுதியிருக்கிறதே, அதைப் பயணிகள் படிக்கிறார்களோ இல்லையோ, அவர் படித்துவிட்டார். வண்டி நின்றால்தான் பேச்சு. வீட்டிலும் இதே கதைதான். ஊசி வளைவில் மனைவி கேட்ட கேள்விக்கு அடுத்த நிறுத்தம் வந்த பிறகுதான் பதில் வரும். அதற்குள் என்ன கேட்டோம் என்பதே அந்த அம்மாவுக்கு மறந்துபோயிருக்கும்.

மனைவி வீட்டிலிருந்தபடியே கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். தெருவில் எல்லோருக்கும் பிளான்காரம்மா. ஒரு பொறியாளருக்காக வருடக்கணக்கில் வரைந்துகொடுத்தார். மூலையில் பொறியாளர் பெயர்தான் இருக்கும். கோடெல்லாம் இவர் போட்டது, கையெழுத்து மட்டும் அவர் போட்டது.

வீட்டில் கணினி ஒன்றுதான், அதற்கும் வயதாகிவிட்டது. அதற்குள் இரண்டு இயங்குதளங்கள் குடியிருந்தன. பிளான்காரம்மாவின் வரைபடச் செயலி லினக்ஸில் ஓடும், கணவரின் பேருந்து மற்றதில் ஓடும். பொத்தானை அழுத்தியதும் முதலில் கண்விழிப்பது ஒரு சின்ன நிரல். ‘இதை எழுப்பட்டுமா, அதை எழுப்பட்டுமா?’ என்று ஒரு பட்டியலைக் காட்டிக் கேட்பதுதான் அதன் வேலை. ஐந்து வினாடி காத்திருக்கும். யாரும் வாய் திறக்காவிட்டால், எதை முதலில் எழுப்பச் சொல்லி வைத்திருக்கிறதோ அதை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

அந்த ஐந்து வினாடிதான் இந்தக் குடும்பத்தின் பிரச்சினை. இரண்டு பேருக்குமே பொத்தானை அழுத்திவிட்டு வேறு வேலைக்குப் போகிற பழக்கம். அவர் முகம் கழுவப் போவார், அந்த அம்மா அடுப்பைப் பார்க்கப் போவார். திரும்பி வந்தால் அடுத்தவருடைய தளம் வந்து நிற்கும். அதை அணைத்து, மறுபடி ஏற்றி முடிப்பதற்குள் ஒரு குளியல் போட்டுவிட்டு வரலாம். பதினான்கு வருடம் சேர்ந்து குடும்பம் நடத்தப் பொறுமை இருந்தது, ஐந்து வினாடி நிற்க இல்லை.

ஆகவே போர் மூண்டது. பிளான்காரம்மா அந்தப் பட்டியல் கோப்பைத் திறந்து திருத்தக் கற்றுக்கொண்டு லினக்ஸை முதலில் வைத்தார். மறுநாள் டபுள் டூட்டி பேருந்தை முதலில் வைத்தார். அந்த அம்மா ஐந்து வினாடியை ஒரு வினாடியாகக் குறைத்தார். இவர் விட்டுவிடுவாரா? பட்டியலே இல்லாமல், கறுப்புத் திரையில் கட்டளைகளைக் கையால் அடித்து இரண்டில் எந்தத் தளத்தையும் எழுப்பவே கற்றுக்கொண்டார். நாலே நாலு வரி. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்து கடைசியில் இயந்திரம் உறுமும்போது, கியர் மாற்றுகிற சுகம் இருந்தது அவருக்கு. வேண்டாதபோதுகூட அடித்துப் பார்ப்பார்.

இப்படியிருக்கும்போது பக்கத்துப் பேட்டையில் ஒரு மழலையர் பள்ளி கட்டப்போவதாகவும், யார் வேண்டுமானாலும் வரைபடம் அனுப்பலாம் என்றும் அறிவிப்பு வந்தது. பிளான்காரம்மா முதல்முறையாகத் தன் பெயரிலேயே வரைந்தார். ஒரு மாதமாக வீட்டில் அதே பேச்சு. வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிதான் கடைசி. ஒரு மாடிப்படியை மட்டும் திருத்த வேண்டியிருந்தது. அதைக் காலையில் முடித்து அனுப்பிவிடலாம் என்றிருந்தார்.

வெள்ளிக்கிழமை விடியலில் டபுள் டூட்டிக்கு மனசு இளகிவிட்டது. இன்றைக்காவது அவள் பொத்தானை அழுத்தினால் அவளுடையதே வரட்டும் என்று நினைத்தார். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஒரேயடியாகச் சமாதானமே செய்துவிடலாம் என்று தோன்றிவிட்டது. கடிகாரத்தைப் பார்த்து முடிவெடுக்கும்படியும் அந்த நிரலுக்குச் சொல்லிவைக்கலாம். மணி நாலுக்கு முன்னால் என்றால் லினக்ஸ், நாலுக்குப் பிறகு பேருந்து. டீயை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறுகையால் கோப்பில் நாலைந்து வரி தட்டிச் சேமித்து, அணைத்துவிட்டு, பெருமிதத்தோடு கிளம்பினார். பிரேக்கை மூன்று தடவை மிதித்துப் பார்க்காமல் பணிமனையை விட்டு வண்டி எடுக்காத மனிதர், தான் எழுதியதை ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கவில்லை.

முற்பகலில் வண்டி சந்தை நிறுத்தத்தில் நின்றபோது, முன்வாசலில் மூச்சிரைக்க ஏறியது அவருடைய மனைவியேதான். தலை கலைந்திருந்தது, காலில் இரண்டு வேறு வேறு செருப்பு. ஓட்டுநர்களின் கைப்பேசிகள் பணிமனைப் பெட்டியில் பூட்டிக் கிடக்கும் என்பதால், வண்டி எங்கே வரும் என்று கணக்குப் போட்டு ஆட்டோவில் வந்திருந்தார்.

“கம்ப்யூட்டர்ல என்னத்தப் பண்ணி வெச்சீங்க? ஏதோ தப்புன்னு ஒரு வரி வந்துச்சு. அப்புறம் வெறும் கறுப்பு. பட்டியலையே காணோம். மூலையில ஒரு அம்புக்குறி மட்டும் கண்ணச் சிமிட்டிக்கிட்டு நிக்குது.”

டபுள் டூட்டிக்குக் கேட்டவுடனே புரிந்தது. ‘மணி நாலுக்கு முன்னால் என்றால்’ என்று ஆரம்பித்தவர், ‘அவ்வளவுதான், முடிந்தது’ என்று சொல்லும் கடைசி வரியைப் போடவில்லை. டீக் கோப்பையை வைக்கப் போன நேரத்தில் அது விட்டுப்போயிருக்கிறது. அந்த நிரலும் முடிவு வரும் வரும் என்று பார்த்து, கடைசியில் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டது.

“போன்ல தேடிப் பாத்தேன். ஆளுக்கொண்ணு சொல்றான். தப்பா அடிச்சா மொத்தமும் அழிஞ்சிரும்னு ஒருத்தன் பயமுறுத்துறான். என் பிளான் உள்ள இருக்குங்க!”

“அழியாது. நாலு வரிதான். நான் சொல்றேன், நீ எழுதிக்கோ.” சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்தது. வண்டி நகர்ந்தது, வாய் மூடிக்கொண்டது.

“சொல்லுங்க!”

அவர் கியரை மாற்றினார்.

நடத்துனர் ஓடிவந்தார். “அண்ணி, வண்டி ஓடும்போது அண்ணன் வாயிலேருந்து ஒண்ணும் வராது. உங்களுக்குத் தெரியாததா? நின்னாத்தான் பேசுவாரு. உங்க தெரு இங்கேருந்து ஏழாவது ஸ்டாப்பிங். அதுக்குள்ள வாங்கிக்கணும்.” போனையும் வீட்டிலேயே மறந்துவந்த அந்த அம்மாவிடம் எழுதக் காகிதம் இல்லாததால், டிக்கெட் சுருளிலிருந்து ஒரு முழம் கிழித்துக் கொடுத்தார்.

முதல் நிறுத்தம். கதவு திறந்ததும் டபுள் டூட்டி படபடவென்று ஆரம்பித்தார். “செட். ஒரு இடம் விட்டு ரூட். ஒட்டியே சமக்குறி. வளைஞ்ச அடைப்புக்குறி, எச் டி சைபர், கமா, ரெண்டு. அடைப்ப மூடு. உன் சிஸ்டம் எங்க இருக்குன்னு காட்டுறது இது.”

இரண்டாவது நிறுத்தத்தில் இறங்க ஒரே ஒரு ஆள்தான், மின்னலாக இறங்கிப் போய்விட்டார். “லினக்ஸ், இடம் விட்டு சாய்வுக்கோடு...” அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

“எந்தப் பக்கம் சாயுதுங்க?” என்று பிளான்காரம்மா கத்தினார். அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவதில் பதில் வந்தது. “மேடு ஏறுற கோடு. இறக்கம் இல்ல. அதுக்கப்புறம் வி, எம், லினக்ஸ். ஆனா கடைசில எக்ஸ் வராது, இசட் வரும்.”

“அது எழுத்துப் பிழை ஆச்சே?” என்றார் முன்னிருக்கையில் இருந்த பள்ளி ஆசிரியர்.

“பேரே அப்படித்தான் சார். திருத்திடாதீங்க!”

அதற்குள் பாதி வண்டி இந்த விவகாரத்தில் இறங்கிவிட்டது. காய்கறிக் கூடையோடு ஏறின ஒருவர் ஏன் எல்லோரும் ஓட்டுநரையே பார்க்கிறார்கள் என்று கேட்க, “அந்த அம்மா வீட்ல கம்ப்யூட்டர் கிளம்பல” என்று நடத்துனர் விளக்கினார். நான்காவது நிறுத்தத்தில் ஒரு பெரியவர் மெதுவாக இறங்கினார். மற்ற நாட்களில் ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று பறக்கும் கூட்டம், இன்று “பாத்து, நிதானமா இறங்குங்க” என்று அவரைத் தாங்கியது. புண்ணியவான் இறங்கி முடிப்பதற்குள் இரண்டாவது வரி முழுசாக வந்துவிட்டது. மூன்றாவது வரி ஐந்திலும் ஆறிலுமாக வந்தது. பிளான்காரம்மா சுருளை விரித்து வாசிக்க, ஆசிரியர் சரிபார்த்தார்.

ஏழாவது நிறுத்தம். “கடைசி வரி, பூட். அவ்வளவுதான். கிளம்பிடும்.”

பிளான்காரம்மா படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினார். “இன்னைக்குன்னு பாத்து அதத் தொடணுமா? உங்க பஸ் முதல்ல வரணும், அதானே?”

இல்லை, உனக்காகத்தான் தொட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வண்டியும் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் முப்பது பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்படி ஒரு வார்த்தை அவருக்கு வரவில்லை. அதற்குள் மணி அடித்துவிட்டது. கண்ணாடியில், ஜோடி சேராத செருப்போடு மனைவி தெருவுக்குள் ஓடுவது தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் மனசுக்குள் ஓட்டியது வண்டியை அல்ல, அந்த நாலு வரியை. எழுதும்போது ஓர் இடைவெளி விட்டுப்போயிருந்தால்? இசட்டுக்கு எக்ஸ் போட்டிருந்தால்? ஒரு மாத உழைப்பு, முதல்முதலாக மூலையில் சொந்தப் பெயர், எல்லாம் தன் ஒரு கை டீயால் போய்விடுமே! அடுத்த சுற்றில் தங்கள் தெரு நிறுத்தத்தில் மனைவி நிற்கிறாரா என்று தேடினார். யாருமில்லை. “நல்ல சேதியாத்தான் இருக்கும் அண்ணே” என்றார் நடத்துனர். அவருக்கும் தெரியாது என்பது இருவருக்கும் தெரிந்தது.

பணி முடிந்து வீட்டுக்குப் போனபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. பிளான்காரம்மா சோபாவில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். கணினி அணைந்திருந்தது. எழுப்பிக் கேட்கத் தைரியம் வரவில்லை. பூனைபோல் போய்ப் பொத்தானை அழுத்தினார். முகம் கழுவப் போகவில்லை, அங்கேயே நின்றார்.

கறுப்புத் திரை வரவில்லை. பட்டியல் வந்தது. மறுபடி ஐந்து வினாடி வைத்திருந்தது. குறி பேருந்தின்மேல் நின்றது.

அவருக்குக் குழப்பமாகிவிட்டது. தான் எழுதியபடி பார்த்தாலும், நாலு மணிவரை லினக்ஸ் அல்லவா நிற்க வேண்டும்? சட்டென்று அம்பு விசையைத் தட்டி எண்ணிக்கையை நிறுத்தினார்.

“ஒரு பக்கம் சுவரே வெக்காம வீட்டக் கட்டி வெச்சிருந்தீங்க” என்று சோபாவிலிருந்து குரல் வந்தது. கண் இன்னும் மூடித்தான் இருந்தது. “கடைசி வரியப் போட்டு மூடினேன். நாலுன்னு இருந்தத மூணாக்கினேன். நீங்க மூணு மணிக்கு மேல வந்துடுறீங்களே, அப்புறம் நாலு வரைக்கும் என்ன பண்ணுவீங்க?”

டபுள் டூட்டி சோபா பக்கம் திரும்பினார். “பிளான்?”

“போயிடுச்சு. ஒரு மணிக்கு முன்னாடியே. என் பேர்லயே.” பிறகு மெல்ல, “காலைல நீங்க எனக்குன்னு எழுதினதத் திறந்து பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது. பஸ்ல அத்தன பேருக்கு முன்னால கத்திட்டேன். வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?”

“பெல் அடிச்சுட்டான்” என்றார் அவர்.

அந்த அம்மா சிரித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். “சரி, உங்க நேரம் ஆரம்பிச்சாச்சு. ஓட்டுங்க.”

அவர் குறியைக் கீழே இறக்கி லினக்ஸின்மேல் வைத்துத் தட்டினார். “என் நேரம்தானே? உன் பள்ளிக்கூடத்தக் காட்டு.”

அது ஏறி முடியும்வரை இரண்டு பேரும் நகராமல் உட்கார்ந்திருந்தார்கள். வரைபடம் திறந்தது. வகுப்பறைகள், தோட்டம், திருத்திய மாடிப்படி, மூலையில் பெயர். வாசல் மட்டும் சாலையிலிருந்து நன்றாக உள்வாங்கியிருந்தது. முன்னால் அகலமான ஒரு வளைவு, அதன் ஓரத்தில் பேருந்து நிறுத்தம். போன வாரம் ஊசி வளைவில் இருந்தபோது, ஒரு பஸ் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று மனைவி கேட்டதும், மலை இறங்கிய பிறகு தான் பதில் சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்தது. அவர் சொன்ன அளவு அப்படியே அங்கே இருந்தது.

அவர் சுட்டுவிரலைத் திரையில் சாலையின்மேல் வைத்து மெல்ல நகர்த்தினார். விரல் வளைவுக்குள் நுழைந்து, சுவரை உரசாமல் திரும்பத் தொடங்கியது.

“எப்படி இருக்கு?” என்று பிளான்காரம்மா கேட்டார்.

பதில் வரவில்லை. அந்த அம்மாவும் மறுபடி கேட்கவில்லை. விரல் முழு வளைவையும் சுற்றி, பள்ளி வாசலுக்கு நேராக வந்து நின்றது.

“ரொம்ப நல்லா இருக்கு” என்றார் அவர்.