மோர்ப் பந்தலும் வீரநடிகர் சப்பரமும்

உப்பளத்துச் சவரிராயனுக்கு ஆலையில் தறி ஓட்டுகிற வேலை. அது வயிற்றுக்கு. ஆத்துமத்துக்கு அவன் பார்த்த வேலை வேறு. புதுப்படம் வெளியாகும் நாளில் சினிமாக் கொட்டகை வாசலில் மோர்ப் பந்தல் போட்டு, வீரநடிகர் இளஞ்சேந்தனின் ரசிகர்கள் நரகத்துக்குப் போகாமல் தடுப்பது. இதற்குச் சம்பளம் கிடையாது. நன்றியும் கிடையாது. மோர் புளித்திருந்தால் வசவு மட்டும் கிடைக்கும்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு வருஷம் ஆகியிருந்த சமயம் இது ஆரம்பித்தது. பக்கத்துத் தறிக்காரன் வைத்திலிங்கம் இளஞ்சேந்தன் ரசிகர் மன்றத்துத் தலைவன். ரயிலடியிலிருந்து படப்பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றி, மேளம் கொட்டி, கொட்டகை வாசலில் இறக்கி வைத்து, அதற்குக் கற்பூரம் காட்டிக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். அந்த வழியாகப் போன சவரிராயன் அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னாடா இது? பெட்டிக்கா கற்பூரம்?"

"உள்ள அண்ணன் இருக்காருடா."

"சுருள்தானடா இருக்குது!"

"உங்க கோயில்ல மட்டும் இன்னாவாம்? பீடத்துல ஒரு பெட்டிய வெச்சித்தான முட்டி போடறீங்க?"

சவரிராயனுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஒரு வாரம் யோசித்து நல்ல பதிலாக ஒன்று கண்டுபிடித்தான். அதற்குள் வைத்திலிங்கம் கேள்வியையே மறந்துவிட்டான். வீணாய்ப் போன அந்தப் பதிலை வேறு யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்ற தவிப்பில்தான் பந்தல் பிறந்தது. பங்குச் சாமியாரிடம் அனுமதி வாங்கினான். நல்வழிச் சங்கம் என்று பெயர் வைத்தான். சங்கத்தில் இரண்டு பேர்: அவனும் அவன் மனைவி அமலோற்பவமும். அவளைக் கேட்காமலே சேர்த்திருந்தான். மோர் கடைகிற கை அவளுடையதாயிற்றே.

முதலில் மோர் கொடுத்துவிட்டுப் புத்தி சொல்லிப் பார்த்தான். குடித்தவன் குவளையை வைத்துவிட்டு ஓடினான். புத்தி சொல்லிவிட்டு மோர் கொடுத்துப் பார்த்தான். பக்கத்துச் சோடாக் கடையில் கூட்டம் கூடியது. பிறகு துண்டு நோட்டீசு அடித்தான். 'நீ இன்றைக்கே செத்தால் எங்கே போவாய்?' என்று கொட்டை எழுத்தில் கேட்டு, கீழே சேசுநாதர் கதையைத் தாளில் இடம் இருந்தவரைக்கும் பொடி எழுத்தில் போட்டிருந்தான்.

"டிக்கெட்டு வாங்கியாச்சுண்ணே. இன்னிக்கி சாவ மாட்டேன்" என்றான் வரிசையில் நின்ற ஒருவன்.

நோட்டீசைச் சுண்டல்காரியிடம் கொடுத்து அதில் மடித்துத் தரச் சொன்னான். தின்னும்போதாவது படிப்பார்கள் என்று நினைப்பு. நரகத்தின் மேல் எண்ணெய் ஊறி, எழுத்து மறைந்து போயிற்று.

நான்கு வருஷத்தில் ஒரு ஆத்துமம் கூடக் கரையேறவில்லை. ஒரே ஒருவன் மட்டும் ஆவலோடு கோயிலுக்கு வழி கேட்டான். சவரிராயன் பூரித்துப்போய்க் கூடவே நடந்தான். படம் முடிகிற வரைக்கும் சைக்கிளை நிறுத்த அவனுக்கு நிழலாக ஓர் இடம் வேண்டியிருந்தது.

அப்படியும் சவரிராயன் விடவில்லை. ஆலையில் தறிச் சத்தத்தில் அவன் பேச்சு எவன் காதிலும் விழாது. வீட்டில் அமலோற்பவம்தான் பேசுவாள். இந்த உலகத்தில் நாலு பேர் 'அண்ணே' என்று அவன் முகத்தைப் பார்த்தது பந்தலில்தான். மோருக்காகப் பார்த்தார்கள் என்பது அவனுக்கும் தெரியும். பார்த்தார்கள் அல்லவா, அது போதும். பந்தல் இல்லையென்றால் அவன் வெறும் தறிக்காரன்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆகஸ்டு மாதம், இளஞ்சேந்தன் ரசிகர் மாநாடு புதுச்சேரியில் கூடியது. கடலூர், விழுப்புரம், காரைக்காலிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள், உப்பளம் மைதானம் கொள்ளாது என்று பேச்சு. சவரிராயன் சாமியாரிடம் ஓடினான். லெகூ சாமியார் பிரான்சிலிருந்து வந்தவர். தமிழைப் புத்தகத்தில் படித்து, புத்தகம் போலவே பேசுவார்.

"சவரிராயா, மோர் கொடு. புத்தி சொல். ஆனால் அந்தக் கூத்தாடியின் படத்தை நம் வேதக்காரர் எவரும் தொடக்கூடாது. தொட்டால் அன்றோடு உன் பந்தல் கிடையாது."

"நான் ஏன் சாமி அதத் தொடப்போறேன்?" என்றான் சவரிராயன். அவன் மனசாரத்தான் சொன்னான்.

மாநாட்டன்று மைதானத்துக்குப் போகிற தெருத் திருப்பத்தில் பந்தல் போட்டார்கள். வெயில் நல்ல வெயில். மோர் பறந்தது. பகல் சாயும் வேளையில் ஊர்வலம் வந்தது. ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு உயரமான இளஞ்சேந்தன் படத்தைச் சப்பரத்தில் நிறுத்தி, மைதானத்தில்தான் திறக்க வேண்டும் என்று நீலப் பட்டுத் துணியால் மூடி, மேலே பூச்சரம் சுற்றியிருந்தார்கள். இரண்டு நீளக் கம்புகளில் ஆட்கள் தோள் கொடுத்திருந்தார்கள். அதில்தான் கோளாறு. நெட்டையும் குட்டையும் கலந்து நின்றார்கள். முன்னால் போகிறவன் வலது காலை வைத்தால் பின்னால் வருகிறவன் இடது காலை வைத்தான். சப்பரம் கள்ளுக்கடையிலிருந்து திரும்புகிறவன் மாதிரி வந்தது.

திருப்பத்தில் முன்பக்கம் சாய்ந்தது. கீழே வைத்திலிங்கம்.

"ஐயையோ, புடிங்கடா! அண்ணன் விழறாரு!" என்று கத்தினானே தவிர, தான் நகரவில்லை.

சவரிராயன் கையிலிருந்த குவளையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து முன்கம்பின் கீழ் தோளைக் கொடுத்தான். கல்யாணமான வருஷத்திலிருந்து பங்கின் மாதா சப்பரத்துக்கு முன்தோள் அவனுடையது. சப்பரம் நிமிர்ந்தது.

"உட்றாத சவரி! நீ உட்டா என் தலைமேலதான்!"

"நீ மொதல்ல வெளிய வாடா, தடிப்பயலே! ஏய், குட்டையா இருக்கறவன்லாம் முன்னால வா. கால மாத்திப் போடாதீங்கடா. எல்லாரும் வலது காலு!"

விட்டால் விழும், நின்றால் நசுங்கும். நடந்துதான் ஆக வேண்டும். சவரிராயனுக்குச் சப்பரத்தின் கீழ் ஒரே ஒரு நடைதான் தெரியும். அந்த நடைக்குத் தாளம் மாதா பிரார்த்தனை. ஓர் அடிக்கு மாதாவின் பட்டம் ஒன்று, மறு அடிக்குக் கூட்டத்தின் பதில். தோளில் கனம் ஏறியதும் அவன் வாய் அவனைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"பரலோகத்தினுடைய வாசலே!"

ஒரு பதிலும் இல்லை. சப்பரம் ஆடியது.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்னு சொல்லுங்கடா, சொல்லிக்கினே கால வையுங்க!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" என்றார்கள் சுமந்தவர்கள். கால்கள் ஒன்றாக விழுந்தன. சப்பரம் தண்ணீரில் படகு மாதிரி நகர்ந்தது. இதைப் பார்த்துக் கூட்டத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"வியாதிக்காரருக்கு ஆரோக்கியமே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" தெருவே முழங்கியது. கடலூர் ரசிகன் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், "புதுச்சேரிக்காரன் கோஷத்தப் பாத்தியா? நம்மாளுங்களும் இருக்கானுங்களே" என்று நொந்துகொண்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் லெகூ சாமியார் குறுக்குத் தெருவிலிருந்து சைக்கிளில் வந்தார். ஆகஸ்டு கடைசி என்றால் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் மாதா சப்பரத்தோடு ஊர் ஊராகக் கடந்து போவது வழக்கம். சாமியார் பார்த்தது மாதாவுக்குச் சாத்துகிற மாதிரி நீலப் பட்டு, பூச்சரம், முன்தோளில் சவரிராயன். கேட்டது பிரார்த்தனை. இத்தனை சனமா என்று அவர் கண் கலங்கியிருக்க வேண்டும். சைக்கிளைச் சுவரில் சாய்த்தார், தொப்பியை எடுத்தார், நடுத்தெருவில் முழந்தாளிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

கடற்காற்று ஒரு வீச்சு வீசியது. பட்டுத் துணி விலகியது. உருவிய வாளும் முறுக்கிய மீசையுமாக இளஞ்சேந்தன் சாமியாரைப் பார்த்துச் சிரித்தார்.

"மோன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டார் சாமியார்.

கூட்டத்துக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பிறகு வைத்திலிங்கம், "சாமியாரே அண்ணன கும்புட்டுட்டாருடோய்!" என்று கூவி, தன் கழுத்திலிருந்த ரோசாப்பூ மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டான். விசில் பறந்தது. சாமியார் எழுந்தார். மாலையை எடுக்கக்கூட மறந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் காலை சவரிராயன் சாமியாரின் பங்களாவில் போய் நின்றான்.

"தோத்திரம் சாமி."

"நேற்று நான் யாருக்கு முழந்தாளிட்டேன்?"

"செபத்துக்குத்தான் சாமி."

"செபம் யாருக்கு?"

"மாதாவுக்கு. தோள்ல இருந்தவரு வேற, சாமி."

சாமியாரின் தாடி லேசாக அசைந்தது. அது சிரிப்பா, பல்வலியா என்று சவரிராயனுக்குத் தெரியவில்லை.

"ஆள் மேல உழுந்திருக்கும் சாமி. அதான் தோள் குடுத்தேன்."

"அறிவேன். நீ பாவம் செய்யவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான். இனிமேல் பங்கின் பெயரால் பந்தல் கிடையாது."

வீட்டுக்கு வந்து சொன்னான். அமலோற்பவம், "போவட்டும், இனிமேலாவது மோர நாம குடிக்கலாம்" என்றாள். அவன் சிரிக்கவில்லை. அதைப் பார்த்து அவள் உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் ஆலைச் சங்கு ஊதியதும் கொட்டகைத் தெரு வழியாக வராமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக ஆரம்பித்தான்.

தீபாவளிக்குப் புதுப்படம் வந்தது. வைத்திலிங்கம் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

"உடுடா. எனக்குத் தடை போட்டிருக்குது."

"உங்க பங்குப் பந்தலுக்குத்தான தடை? இது மன்றத்துப் பந்தல். என் மண்டையக் காப்பாத்தினவன் மூலையில குந்திக்கினு இருந்தா அண்ணன் ரசிகனுக்கு அசிங்கம்டா."

கொட்டகை வாசலில் இளஞ்சேந்தன் கொடி கட்டிய பந்தல். உள்ளே அமலோற்பவம் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவளைக் கேட்டுத்தான் சேர்த்திருந்தார்கள். வைத்திலிங்கம் மிச்சமிருந்த நோட்டீசுக் கட்டைக் கையில் எடுத்தான்.

"வாங்காதவனுக்கு மோர் கெடையாது. ஏய், மடிக்காத, படி! சத்தமாப் படி!"

சவரிராயன் நான்கு வருஷத்தில் ஒரு நாள் கூட இப்படி மிரட்டியதில்லை. "கொஞ்சம் மெதுவாடா" என்றான்.

மணி அடித்தது. கூட்டம் உள்ளே ஓடியது. வீராம்பட்டினத்து மீனவன் கன்னியப்பன் மட்டும் நோட்டீசும் கையுமாக நின்றான்.

"அண்ணே, இதுல சேசுநாதர புடிச்சிக்கினு போறாங்கன்னு போட்டிருக்குது. அதோட முடிஞ்சிபோச்சு. பொறவு இன்னா ஆச்சு?"

சவரிராயனுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்தது. கொட்டகைக்குள் விளக்கு அணைந்து, விசில் சத்தம் கேட்டது. கன்னியப்பன் பாதிக் கண்ணை அந்தப் பக்கம் ஓட்டினான்.

"மொதல்ல உள்ள போ. படம் போட்டுட்டான்" என்றான் சவரிராயன். "இடைவேளைக்கி வா, சொல்றேன்."

இடைவேளைக்குக் கன்னியப்பன் வந்தான். கூட இரண்டு பேரை அழைத்துக்கொண்டு வந்தான்.