கொம்பியூட்டருக்குள் வேறோர் ஆள்

கொம்பியூட்டர் திருத்துகிறவனிடம் ஆட்கள் எல்லாக் கைமருந்தும் பார்த்து முடித்த பிறகுதான் வருவார்கள். கல்முனையில் கடை வைத்திருக்கும் எனக்கு மட்டுமில்லை, இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் இது தெரிந்ததுதான்.

ஓதிய தண்ணீர்

சம்மாந்துறையில் நெல் ஆலை வைத்திருக்கும் ஹாஜியார் போனில் கோல் எடுத்தார். மௌஸைத் தொடாமலே திரையில் அம்புக்குறி ஓடுகிறதாம். போய்ப் பார்த்தால் கீபோர்ட் எல்லாம் ஈரம். ஜின் வேலை என்று பயந்து, குர்ஆன் ஓதிய தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்பு மெதுவாக நகர்ந்து வங்கிக் கணக்குப் பக்கத்தைத் திறந்தது. இன்டர்நெட் வயரைப் பிடுங்கினேன். அம்பு அப்படியே நின்றது.

எங்கேயோ இருந்து ஒருவன் இதை ஓட்டுகிறான் என்று விளக்கினேன். ஆலைக் கிளார்க் இலவசமாக இறக்கிய ஏதோ மென்பொருளோடு உள்ளே வந்திருக்கிறான். ஹாஜியாரின் போனிலிருந்து வங்கிக்குச் சொல்லி, பாஸ்வேர்டை மாற்றி, மெஷினை முழுக்க அழித்துப் புதிதாக ஏற்றினேன். கணக்கில் ஒன்றும் போகவில்லை. ஹாஜியார் அந்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தார். "வயரைக் கழட்டினா ஓடுறவனுக்கா தம்பி நான் இவ்வளவு பயந்த?"

கெமரா லைட்

மருதமுனை டீச்சர் ஒருவர், ஒன்லைனில் கணக்குப் படிப்பிக்கிறவர். வகுப்பு இல்லாத நேரத்திலும் லெப்டொப்பின் கெமரா லைட் எரிகிறது என்று கொண்டுவந்தார். யாரோ தூரத்திலிருந்து கெமராவைத் திறந்து வைத்திருந்தான். சொன்னதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "வீட்டில முக்காடு இல்லாம இருந்திருப்பேனே" என்றார் மெல்ல.

சுத்தம் செய்து, இனிக் கெமராவை மூடி வையுங்கள் என்று கொடுத்தனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது கெமராமேல் சிவப்பாக ஒரு ஒட்டுப்பொட்டு. நான் பார்ப்பதைக் கண்டு சிரித்தார். "பக்கத்து வீட்டு சரோஜா அக்கா தந்த. நான் வெச்சாத்தானே வாப்பா ஏசுவார், லெப்டொப்புக்கு வெச்சா ஒண்டும் சொல்லமாட்டார்."

பென்ட்ரைவ்

பொத்துவிலில் ஹோட்டல் நடத்தும் மூத்தவர் ஒருவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர். அவருடைய கொம்பியூட்டர் அவருக்கே தெரியாமல் ஊருலகமெல்லாம் குப்பை ஈமெயில் அனுப்பியதால், கம்பெனிக்காரர்கள் இன்டர்நெட் லைனையே வெட்டிவிட்டார்கள். எல்லாம் அழித்துச் சுத்தமாக்கிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில், மெஷினுக்கு அதே வருத்தம் என்று திரும்பி வந்தார். பழைய பென்ட்ரைவைச் செருகி, முதல் தரம் கள்ளனை உள்ளே கொண்டுவந்த, படம் பார்க்கிற அதே ஓசி மென்பொருளை மறுபடி ஏற்றியிருக்கிறார். ஏன் நானா என்று கேட்டேன். "மெஷினைத்தானே நீங்க கழுவின, பென்ட்ரைவைக் கழுவச் சொல்லல்லையே."

கொம்பியூட்டருக்குள் இருக்கும் கள்ளனை எப்படியும் வெளியே எடுத்துவிடலாம். 'ஓகே' என்று கண்ட இடத்திலெல்லாம் அழுத்துகிற விரலுக்குத்தான் என் கடையில் மருந்து இல்லை.