பின் சீட்டிலிருந்து வந்த பதில்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் "சும்மா ரீல் விடாதே" என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது, எனக்குக் கெட்ட கோபம் வரும். இது நடந்தது. யாருக்கு நடந்ததோ அவர் ஆசிரியர் அறையில் என் பக்கத்து மேசைக்காரர். இதை அவரே என்னிடம் சொன்னார். பேய் என்றால் ராத்திரிதான் வரும், நாய் ஊளையிடும் என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். இது பட்டப்பகலில், மண்டையைப் பிளக்கிற வெயிலில் நடந்தது.

அவர் வரலாற்று வாத்தியார். பாடம் நடத்துவதில் கில்லாடி. ஒரே ஒரு கோளாறு உண்டு. வகுப்பில் வந்து உட்கார்ந்தால், வருகைப்பதிவு முடியும்வரை தலையை நிமிர்த்த மாட்டார். எண்ணைக் கூப்பிடுவார். "உள்ளேன் ஐயா" என்று சத்தம் வந்தால் போதும், அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார். சினிமாவுக்கு ஓடியவனுக்காகப் பக்கத்து பெஞ்சுக்காரன் குரலை மாற்றிக் கத்துவான். ஓடியவனும் வந்தவன் கணக்குத்தான். குனிந்த தலை நிமிராததால் பையன்கள் அவருக்கு வைத்த பெயர் 'கல்யாணப்பொண்ணு'. பள்ளிக்கூடத்துக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது.

இந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுபோயிருந்தார் மனிதர். குடும்பத்தோடு வெளியூர் போனால், ஒவ்வொரு இடத்திலும் வண்டியைக் கிளப்பும் முன் ஆஜர் எடுப்பார். மனைவி ஒண்ணு, பெரிய பெண் ரெண்டு, சின்னப் பெண் மூணு. சின்னவளுக்கு எட்டு வயது, வீட்டில் எல்லோரும் அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள். பொடிசுக்கு மட்டும் இந்த ஆஜர் விளையாட்டு ரொம்பப் பிடிக்கும். அவசரத்தில் பாதியை முழுங்கிவிட்டு "உள்ளேன்யா" என்று கத்துவாள்.

அந்தக் கோடை விடுமுறையில், பாலைவனத்துக்குள் இருக்கிற பழைய நகரங்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று கிளம்பினார். பெரிய வாடகை வண்டி, அவரே ஓட்டினார். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி டியூட்டி முடித்து நேராக வந்து முன் சீட்டில் ஏறியவர், ஏறிய வேகத்தில் தூங்கிப் போனார். நடு சீட்டில் பெரியவள், காதில் இயர்போன். கடைசி சீட்டில் பைகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவில் பொடிசு. விடிந்ததிலிருந்து வாத்தியார் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்தார். இது டூரா அரையாண்டுப் பரீட்சையா என்று பெரியவள் முணுமுணுத்தது அவர் காதில் விழவே இல்லை.

முதல் இடம், மண்மூடிப் போய்த் தோண்டி எடுத்த ஒரு நகரம். சுற்றிலும் மணல்தான். ஒரு மரம் கிடையாது. கோடையில் உச்சிவேளைக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், வெயில் தாழ்ந்த பிறகுதான் மறுபடி திறப்பார்கள். வண்டி நிறுத்துகிற கொட்டகை நிழலில் ஒரு பெஞ்சில் மனைவி தூங்கட்டும் என்று விட்டுவிட்டு, இரண்டு பெண்களோடு உள்ளே போனார்.

நகரத்தின் கடைசியில் ஒரு பெரிய குளம். நாலு பக்கமும் கல் படிக்கட்டு, ஆழத்தில் காய்ந்த தரை. படிக்கட்டு ஓரம் கல்லில் செதுக்கிய தகவல் பலகை ஒன்று நின்றது. பெரியவள் போட்டோ எடுக்க வேறு பக்கம் போய்விட்டாள். வாத்தியார் பலகையை ஒரு தரம் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, பொடிசைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். இது எதற்குக் கட்டினார்கள்? தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும்? பொடிசு ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டு நின்றாள். பக்கத்தில் இருந்த சுற்றுலாக்காரர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். வாத்தியாருக்கு மானம் போனது.

"பலகையைப் பத்துத் தடவை படி. பார்க்காம ஒப்பிக்கத் தெரிஞ்சதும் வா. அதுவரைக்கும் என் மூஞ்சியில முழிக்காத."

பொடிசு அழவில்லை. தலையை ஆட்டினாள். பலகையில் விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படிக்க ஆரம்பித்தாள்.

அவர் நகர்ந்து போய்விட்டார். நாலு தெரு தள்ளி ஒரு கல்வெட்டு கிடைத்தது. கல்வெட்டைப் பார்த்தால் அவருக்கு உலகமே மறந்துவிடும். காவலாளி விசில் ஊதியபோதுதான் நிமிர்ந்தார். எல்லோரும் கதவைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் பெரியவளின் மஞ்சள் துப்பட்டா வெளியே போவது தெரிந்தது. பொடிசு அக்காவோடு போயிருப்பாள் என்று நினைத்தார். நினைத்தார், அவ்வளவுதான். போய்ப் பார்க்கவில்லை.

பூட்டிக் கிடந்த வண்டி அடுப்பாகக் கொதித்தது; மனைவி தூக்கக் கலக்கத்தோடு முன் சீட்டில் ஏறிச் சாய்ந்தார். சாவியைத் திருப்பினார். ஏசி உறுமியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வெறும் பைகளும் போர்வைகளும்தான் தெரியும். அவர் அதையும் பார்க்கவில்லை, குனிந்து அடுத்த ஊருக்கு வழி தேடிக்கொண்டே ஆஜர் எடுத்தார்.

"ஒண்ணு."

"உள்ளேன் ஐயா" என்றார் மனைவி, கண்ணைத் திறக்காமல்.

"ரெண்டு."

"ம்."

"மூணு."

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை.

"உள்ளேன் ஐயா."

திட்டு வாங்கிய கோபத்தில் தாமதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். டயருக்கு அடியில் சரளைக்கல் நொறுங்கியது. குரல் ரொம்பத் தெளிவாக இருந்தது, ஒரு எழுத்தையும் முழுங்கவில்லை. அது அவர் மனதில் பட்டது. பரவாயில்லை, திட்டினால்தான் உருப்படும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பாதை நேராக ஓடியது. மனைவி மறுபடி தூங்கிவிட்டார். பெரியவள் இயர்போனை மாட்டிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் வாத்தியாருக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளையைச் சமாதானப்படுத்த வேண்டும். அவருக்குத் தெரிந்த சமாதானம் ஒன்றுதான்... கேள்வி.

குளம் எதற்குக் கட்டினார்கள் என்று கேட்டார். பதில் வந்தது. தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும்? பதில் வந்தது. எத்தனை படி? பலகையில் இருந்ததை அப்படியே, வரி மாறாமல் சொன்னது அந்தக் குரல். வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாதையிலிருந்து கண்ணை எடுக்காமலே சத்தமாகச் சொன்னார்.

"இன்னைக்குத்தான் நீ என் பொண்ணு!"

பின்னால் யாரோ மெல்லச் சிரித்தார்கள்.

பொடிசு அப்படிச் சிரிக்க மாட்டாள். அவள் சிரித்தால் வீடே அதிரும். ஆனாலும் அவர் இன்னொரு கேள்வி கேட்டார். பலகையில் இல்லாத கேள்வி. குளத்துக்குள் தண்ணீர் எந்த வழியாக வந்தது?

"மேற்கு மூலையில. அங்க ஒரு வாய்க்கால் இருக்கு. அது மேல கல் சரிஞ்சு கிடக்கு. உள்ள இடம் இருக்கு. சின்ன ஆளுன்னா படுக்கலாம்."

"அதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

அவருடைய பிடரியில் சில்லென்று காற்று பட்டது. ஏசியின் காற்று முன்னாலிருந்துதான் வருகிறது. இது பின்னாலிருந்து வந்தது...

"பொடிசு?"

"இன்னும் கேளுங்க சார்."

சார்.

விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. தூரத்தில் பெட்ரோல் பங்க் ஒன்று தெரிந்தது. வண்டியை அதை நோக்கி விரட்டினார். பின்னால் யாரோ அடுத்த கேள்விக்காகக் காத்திருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது.

பங்கில் நிறுத்தி இறங்கினார். பின் கதவைத் திறந்தார்.

பைகள்.

போர்வைகள்.

சீட்டில் யாரும் இல்லை. சீட் பெல்ட் மட்டும் இழுத்துப் பூட்டியிருந்தது.

பெரியவள் இயர்போனைக் கழற்றினாள். "அவ உங்ககூடத்தானேப்பா இருந்தா?" என்றாள். மனைவி இறங்கி ஓடி வந்து, காலி சீட்டைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். நர்ஸ் இல்லையா, அந்த வெயில் ஒரு எட்டு வயதுப் பிள்ளையை என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறார். "வண்டியத் திருப்புங்க" என்றார்.

வந்ததே ஒரு மணி நேரப் பாதை. திரும்பவும் ஒரு மணி நேரம். பெரியவள் பின் சீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு முன்னால் நகர்ந்து வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். வாத்தியாருக்கு ஒரே நினைப்புத்தான். பெற்ற பிள்ளையிடம் கடைசியாகச் சொன்னது 'என் மூஞ்சியில முழிக்காத'. 'நீ என் பொண்ணு' என்று சொன்னது... யாரிடம்? தன் கன்னத்தில் தானே பளார் பளார் என்று அறைந்துகொண்டாராம், வண்டி ஓட்டிக்கொண்டே. மனைவி தடுக்கவில்லை.

கதவில் சங்கிலி. கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த காவலாளி, தான் இரண்டு தரம் சுற்றி வந்ததாகவும் உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை என்றும் அடித்துச் சொன்னார். மனைவி சங்கிலியைப் பிடித்து ஆட்டிய ஆட்டத்தில் பயந்துபோய்த் திறந்துவிட்டார்.

ஓடினார்கள்.

பலகைக்கு முன்னால் யாரும் இல்லை.

வெயில்... வெயில்... வெயில்.

அப்போது கேட்டது. குளத்துக்குள்ளிருந்து. யாரோ ஒப்பிக்கிறார்கள்.

மேற்கு மூலையில், சரிந்து கிடந்த ஒரு பெரிய கல்லுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் அகல நிழல் விழுந்திருந்தது. அதற்குள் பொடிசு உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள். பலகையில் இருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சொன்னாள். அவர் நெருங்கி வந்தும் நிறுத்தவில்லை.

"தப்பில்லாம சொல்லிட்டேன்ப்பா. இப்ப வரலாமா?"

வாத்தியார் கல் படியில் அப்படியே விழுந்து, பிள்ளையின் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். மனைவி குழந்தையின் நெற்றியைத் தொட்டார், கழுத்தைத் தொட்டார், நாடி பார்த்தார். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். பக்கத்துக் கல் தொட்டால் சுட்டது. பிள்ளையின் உடம்பு பானைத் தண்ணீர்போலச் சில்லென்று இருந்தது. உதடு உலரவில்லை. தாகமும் இல்லையாம்.

வண்டியில் அம்மாவின் மடியில் உட்கார்ந்து வந்த பொடிசு தானாகவே பேசினாள். குளத்துக்குள் உட்கார்ந்திருந்தபோதே அப்பா கூப்பிட்டது கேட்டதாம்.

"மூணுன்னு கூப்பிட்டீங்க. நான் சொல்றதுக்குள்ள அந்த அக்கா சொல்லிட்டா."

"எந்த அக்கா?" என்றாள் பெரியவள்.

"பக்கத்துல இருந்தாளே. கேள்விக்கெல்லாம் அவதான் பதில் சொன்னா. நீங்ககூட அவகிட்ட இன்னைக்குத்தான் நீ என் பொண்ணுன்னு சொன்னீங்க." பிறகு மெதுவாக, "நான் அழலப்பா" என்றாள்.

வாத்தியாரால் ஓட்ட முடியவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டார். வெயிலில் ஏதோ உளறுகிறாள், ஒன்றும் கேட்காதீர்கள் என்றார் மனைவி. அவரும் கேட்கவில்லை. மற்ற ஊர்களைப் பார்க்காமலே வீடு திரும்பினார்கள். வீட்டில் ஆஜர் நின்றுபோனது. அவர் யாரையும் எண் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பொடிசிடம் பாடத்தில் ஒரு கேள்வி கேட்கக்கூட அவருக்கு வாய் வராமல் போனது.

மழைக்காலம் முடிந்த சமயம். ஒரு நாள் காலை ஆசிரியர் அறையில் செய்தித்தாளைப் பிரித்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அந்தப் பாலைவன நகரத்தில் பராமரிப்பு வேலை நடந்ததாம். குளத்தின் மேற்கு மூலையில் சரிந்து கிடந்த கல்லைத் தூக்கியிருக்கிறார்கள். அடியில் வாய்க்கால். வாய்க்காலுக்குள் ஒரு சிறுமியின் எலும்புகள். பழங்காலத்து எலும்பு இல்லை. பள்ளிச் சீருடையின் பெல்ட் இருந்தது. பல வருடங்களுக்கு முன்னால் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வந்து காணாமல் போன பிள்ளை. அழைத்து வந்த ஆசிரியருக்கு வேலை போனது, ஊரே அவரைக் காறித் துப்பியது. அவர் சாகும்வரை ஒரே பேச்சைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாராம்: பஸ் கிளம்பும் முன் அவள் பெயரைக் கூப்பிட்டேன், உள்ளேன் ஐயா என்று பதில் வந்தது.

யாரும் அவரை நம்பவில்லை. என் பக்கத்து மேசைக்காரர் நம்புகிறார். அவளுக்காக அன்றைக்குப் பதில் சொன்னது யார் என்பதை மட்டும் யோசிக்கப் பயமாக இருக்கிறது என்கிறார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனவர், அத்தனை நாளாகக் கேட்கப் பயந்ததைக் கேட்டார். பொடிசு தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"அந்த அக்கா ஏன் அங்கேயே இருந்தா?"

"அவளையும் படிச்சுட்டு வரச் சொன்னாங்களாம். வெயில் தாங்காம நிழலுக்குள்ள போனாளாம். கல் விழுந்துடுச்சாம்."

"அப்புறம்?"

"அவ எப்பவோ படிச்சு முடிச்சுட்டாளாம்ப்பா. ஒப்பிக்கத்தான் யாரும் வரலையாம்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அந்தப் பிள்ளை பாவம், இனி நிம்மதியாகத் தூங்குவாள் என்றார்.

பொடிசு வரைவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ அங்க இல்லப்பா. நீங்கதானே அவளை என் பொண்ணுன்னு சொன்னீங்க."