எழுபதாவது நிமிடத்தில் எழுந்து போகிறவர்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவருக்குப் பெயர் கிளைமாக்ஸ். துவைத்து வரும் விரிப்புகளை வார்டு வாரியாகப் பிரித்து அனுப்பும் மேற்பார்வையாளர் என்பதெல்லாம் சம்பளத்துக்காக. மற்றபடி அவர், பிழைக்க வந்த அந்த வெளிநாட்டு நகரத்தின் சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் பன்னிரண்டு வருடமாகத் தவறாமல் போகிறவர். விழா நடக்கும் ஒன்பது நாளும் காலை ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொள்வார். மதியம் தியேட்டர், மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கதை. துணி மடிக்கும் மேசையைச் சுற்றிப் பத்து நாட்டுக்காரர்கள் டப்பாவைத் திறந்து வைத்திருப்பார்கள். இவர் முடிவைச் சொல்லும்போது ஒருவரும் மெல்ல மாட்டார்கள். பெயர் அப்படி வந்ததுதான்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். பன்னிரண்டு வருடத்தில் ஒரு படத்தின் முடிவைக்கூட அவர் பார்த்ததில்லை.

கழுத்தில் விழா அனுமதி அட்டை தொங்கினால் மட்டும் போதாது, அடுத்த படத்தின் வரிசையில் முதல் ஐம்பது பேருக்குள் நின்றாக வேண்டும். நிற்க வேண்டுமானால் ஓடுகிற படத்தின் கடைசி இருபது நிமிடத்தைத் தாரைவார்க்க வேண்டும். அதனால் எப்போதும் ஓரத்து இருக்கை, மடியிலேயே பை. எழுபதாவது நிமிடம் ஆனதும் கால் தானாக எழுந்துவிடும். படம் பார்க்க வந்து வரிசையை மட்டும் முழுசாகப் பார்த்த ஒரே ரசிகன் நான்தான் என்று குளியலறைக் கண்ணாடியிடம் மட்டும் ஒப்புக்கொள்வார். கண்ணாடி வெளியே சொல்லாது என்ற தைரியம்.

முடிவுகளை அவரே தயாரித்துக்கொண்டார். யாருக்கு என்ன நஷ்டம்? கடலில் மூழ்கப்போன ஒரு கப்பல் கேப்டனைப் பாவம் பார்த்துக் கரை சேர்த்திருக்கிறார். பிரிந்த தம்பதிகள் எத்தனையோ பேர் இவர் வாயால் சேர்ந்திருக்கிறார்கள். இயக்குநர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றுகூட நினைத்துக்கொள்வார். அவ்வளவு திமிர்.

இந்த வருடம் அந்தத் திமிருக்கு நேரம் வந்தது.

கிழிந்த விரிப்புகளைத் தைத்துக் கொடுக்கும் தையல்காரம்மா வேறு நாட்டுக்காரி. இங்கே வந்து இருபது வருடம். தமிழில் அவளுக்குத் தெரிந்த ஒரே சொல் 'அண்ணே', அதுவும் இவரைக் கூப்பிட மற்றவர்களிடம் பொறுக்கிக்கொண்டது. மற்றதெல்லாம் ஊருக்குப் பொதுவான மொழியில்தான். விழாவில் அவள் நாட்டுப் படம் ஒன்று வந்திருந்தது, அவள் பிறந்த ஊரிலேயே போன வருடம் எடுத்தது. ஆறு வருடத்துக்கு முன் அந்த ஊரைப் பூகம்பம் புரட்டிப் போட்டிருந்தது. ஸ்டேஷனை ஒட்டிய அப்பா வீடு நிற்கிறதா விழுந்துவிட்டதா என்று சொல்ல அங்கே சொந்தக்காரர் யாரும் மிச்சமில்லை. வெளிப்பக்கமாக ஏறும் படிக்கட்டு, படிக்குப் படி நீல ஓடு, அவள் அப்பா தன் கையால் பதித்தது. படத்தில் ஸ்டேஷன் வந்தால் பக்கத்தில் பார்த்துச் சொல்லுங்கள் அண்ணே, எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை என்றாள்.

இவரும் போனார். கண் கொட்டாமல்தான் பார்த்தார். ஸ்டேஷன் வரவேயில்லை. எழுபதாவது நிமிடத்தில் பக்கத்து அரங்கில் பரிசு வாங்கிய படத்துக்கு வரிசை கூடும் சத்தம் கேட்டது. இனிமேலா வந்துவிடப் போகிறது என்று கால் எழுந்துவிட்டது.

மறுநாள் அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எதிரில் வந்து நின்றாள். பார்க்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அது பன்னிரண்டு வருடம் பழகிய வாய். வீடு இருக்கிறது என்றது. படிக்கட்டு இருக்கிறது, நீல ஓடு பளபள என்றிருக்கிறது என்றது. நிறுத்தித் தொலைத்திருக்கலாம். வாசலில் ஒரு கொடியையும் படரவிட்டது. அவள் விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மேசையைச் சுற்றி எல்லாரும் கை தட்டினார்கள். இவரும் அசடு வழிய நின்றார்.

இரண்டு நாள் கழித்து ஒரு சேதி வந்தது. நகரத்தின் மறுகோடியில் இருக்கும் அவள் அக்கா, முட்டிவலியோடு பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாளாம். சாகும்வரை இனி அந்த வீட்டில்தான் இருப்பேன் என்கிறாளாம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் சிரிக்கவில்லை.

"படத்தோட முடிவ மாத்தினீங்க, சரி. இப்ப ஒருத்தர் வீட்டையே கட்டிக் குடுத்துட்டு வந்து நிக்கிறீங்களே!"

இவர் விழா அட்டவணையை எடுத்து அவள் முன்னால் விரித்தார்.

"ஞாயித்துக்கிழம காலைல அந்தப் படத்த மறுபடி போடறாங்கல்ல? அவங்களக் கூட்டிட்டுப் போங்க. உள்ள போறதுக்கு முன்னாடியே உண்மையச் சொல்லிடுங்க. இருட்டுல சொல்லிட்டு ஒளிஞ்சுக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை தையல்காரம்மா வேலைக்குப் போடாத தோடு போட்டு வந்திருந்தாள். வீடு நிற்கிறது என்று தெரிந்த பிறகு தைரியம் தானாக வந்திருந்தது. இவருக்கு அந்தத் தோட்டைப் பார்க்க முடியவில்லை. வாழ்நாளெல்லாம் வரிசையில் நின்றவருக்கு முதல்முறையாக வரிசை சீக்கிரம் நகர்வதுபோல் இருந்தது. கதவுக்கு இன்னும் ஐந்தாறு பேரே இருக்கும்போது, நான் பாதியில் எழுந்து போனேன், எதையும் பார்க்கவில்லை என்று சொன்னார். கொடியும் பொய்யா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றார். அவள் திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தார். போகவில்லை, அவருக்கு முன்னால் உள்ளே நுழைந்து வரிசையின் நட்டநடு இருக்கையில் உட்கார்ந்தாள்.

எழுபதாவது நிமிடத்தில் அரங்கில் பாதிப் பேர் பையோடு எழுந்தார்கள். இவர் காலும் துடித்தது. முட்டியைக் கையால் அழுத்திக்கொண்டு இருந்தார். எண்பத்துநாலாவது நிமிடம் ரயில் வந்தது, ஸ்டேஷன் வந்தது. பக்கத்தில் வீடு இல்லை. வெறும் மண். மண் நடுவே பதினைந்து படிகள் தனியாக ஏறி, ஆகாயத்தில் முடிந்தன. நீல ஓடு. மேல்படியில் யாரோ சட்டை காயப்போட்டிருந்தார்கள்.

இவருக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. பெயர்கள் எல்லாம் ஓடி விளக்கு எரியும்வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

வெளியே நடைபாதையில் அவள் கைபேசியை எடுத்து அக்காவின் எண்ணை அழுத்தினாள். மணி அடிக்கும்போதே அதை இவர் பக்கம் நீட்டினாள்.

"வீடு இருக்குன்னு சொன்னது நீங்கதானே அண்ணே. இதையும் நீங்களே சொல்லுங்க. பார்த்தத மட்டும் சொல்லுங்க."

மறுமுனையில் கிழவியின் குரல், சொல்லு சொல்லு என்று அவசரப்படுத்தியது. பின்னால் பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம்கூடக் கேட்டது. வீடு இல்லம்மா, படிக்கட்டு மட்டும் நிற்கிறது என்றார். அந்தப் பக்கம் ஜிப் சத்தம் நின்றது. ஏதாவது ஆறுதலாக, ஒரு பூச்செடியாவது, படியோரத்தில் ஒன்றே ஒன்று நட்டால் என்ன என்று நாக்கு அரித்தது. தையல்காரம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதாம்மா," என்றார்.