வடக்கு வானில் மங்கிய புள்ளி

பேசாலையில் எங்கள் வீட்டு மணல் முற்றத்தில்தான் தொலைநோக்கியை வைப்பேன். அந்த வைகாசியில், வடக்கே பெருங்கரடி நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்தில் தெரியும் தொலைதூர விண்மீன் மண்டலமொன்றில் நட்சத்திரம் வெடித்ததாகச் செய்தி வந்தது. முதலில் கண்டவர், வேறொரு நாட்டில் என்னைப்போல வீட்டிலிருந்து வானம் பார்க்கிற ஒருவர். அயல் நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு அதன் வெளிச்சத்தைக் கணித்து வானியல் சங்கத்துக்கு அனுப்புவது என்னைப் போன்றவர்களின் வேலை.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். புகைபோன்ற மண்டலத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி. அது வெடித்து இரண்டு கோடி வருசமாகிறது, வெளிச்சம் இப்போதுதான் வந்து சேருகிறது என்றேன். சொன்ன பிறகே அண்ணாவின் நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். சண்டைக் காலத்தில் பஸ்ஸிலிருந்து படையினர் இறக்கிக்கொண்டு போன அண்ணா திரும்பி வரவில்லை. மரணச் சான்றிதழ் தரலாம் என்று அரசாங்கக் கந்தோரில் சொன்ன அன்று, அம்மா அதை வாங்காமல் எழும்பி வந்துவிட்டார்.

அதன்பிறகு செபமாலை முடிந்ததும் தினமும் அம்மா முற்றத்துக்கு வந்தார். இருக்கிறதா என்று மட்டும் கேட்பார். சில நாள் நான் போகும்போது, இருட்டில் வடக்கே பார்த்துக்கொண்டு தனியே நிற்பார்.

ஒருநாள் ரோந்து வந்த நேவிக்காரர் இருவர் தொலைநோக்கிக் குழாயைக் கண்டு உள்ளே வந்தார்கள். அவசர அவசரமாக விளக்கம் சொன்னேன். ஒருவன் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று கொச்சைத் தமிழில் சொன்னான்.

அம்மா அவனருகே போனார். "வடிவாப் பாருங்கோ தம்பி. இருக்கு."

அவன் திரும்பவும் குனிந்தான், நெடுநேரம் பார்த்தான். பிறகு தலையாட்டிவிட்டுப் போனான். உண்மையில் கண்டானா தெரியாது.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசிப் புழுதி கிளப்பிய மாதங்களில் புள்ளி மங்கிக்கொண்டே வந்தது. ஆவணியில், நிலவில்லாத ஒரு மாலை, எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. அம்மாவும் பார்த்தார். நட்சத்திரம் போய்விட்டது, எழுதி அனுப்பப்போகிறேன் என்று போனை எடுத்தேன்.

"காணேல்லை எண்டு எழுது," என்றார் அம்மா. "இல்லாமப் போச்சு எண்டு எழுதாதை."

எங்கள் அறிக்கைகளிலும் அதுதான் முறை. அப்படியே அனுப்பினேன்.

அடுத்த வருசம் அந்த மண்டலம் மறுபடி உயர்ந்தபோது அம்மாவைக் கூப்பிடத் துணிவு வரவில்லை. தனியே பார்த்தேன். அந்த ஓரம் வெறும் புகையாய் இருந்தது. உள்ளே வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்தார். இருக்கிறதா என்று இந்த முறை கேட்கவில்லை.