முப்பத்திரண்டாம் அதிகாரம்

அதிகாலை ஐந்து மணிக்கு ஒரு மனிதன் கண்ணாடியைப் பார்த்து, "நான் வெற்றியாளன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொள்வதற்குத் தாராவி தோதான இடம் அல்ல. நான் சொன்னேன். கோலி என்று இங்கே அழைக்கப்படும் எங்கள் ஒற்றை அறைக்கும் அடுத்த கோலிக்கும் நடுவே இருப்பது ஒரு தகரம்தான். தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து, "பானி ஆ கயா க்யா?" என்று ஒரு பெண் பதறினாள். தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்கிறாள். அந்த நேரத்தில் எங்கள் சந்தில் யார் வாயைத் திறந்தாலும் அதற்கு அந்த ஒரே அர்த்தம்தான். நான் என் வெற்றியை அறிவிக்க, நான்கு வீட்டுக்காரர்கள் குடத்தோடு வெளியே வந்து நின்றார்கள்.

எல்லாம் ஒரு புத்தகத்தால் வந்த வினை. நான் தாதரில் ஒரு பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தா. மாட்டுங்கா நடைபாதைக் கடையில் பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்று கிடைத்தது. வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று சொல்லும் புத்தகம். மேலட்டை கிழிந்துபோயிருந்ததால் அதன் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. வேதாகமத்தையும் பள்ளிப் பாடத்தையும் விட்டால் நான் முழுதாக வாசித்த முதல் புத்தகம் அதுதான். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். திருநெல்வேலிப் பக்கம் ஒருவன் தன்னைத்தானே முன்னேற்றிக்கொள்ள வேண்டியதில்லை. தெருவே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் போகாவிட்டால் திங்கட்கிழமை பால்காரர்கூடக் காரணம் கேட்பார். இங்கே நான் நல்லவனானாலும் கெட்டவனானாலும் கேட்க ஒரு நாதி இல்லை. அதனால் புத்தகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இலக்குகளை எழுது என்றது. எழுதி, அதையே ஜெபக் குறிப்பாகவும் வைத்துக்கொண்டேன். அரை மணி நேரம் அமைதியாக உட்கார் என்றது. தண்ணீர் வரிசையில் குடத்தைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். சபையில் சாட்சி சொல்ல எழுந்தால் ஆண்டவருக்குப் பாதி, புத்தகத்துக்குப் பாதி என்று மகிமையைப் பங்கு வைத்தேன். மூன்று மாதத்தில் என்னிடம் மாறியது தலைவகிடு மட்டும்தான் என்றாள் என் மனைவி எஸ்தர்.

எஸ்தர் நன்றாகத் தைப்பாள். சான்பாடாவில் ஒரு தையல் கூடத்தில் மேற்பார்வை வேலைக்கு அவளை இரண்டு முறை கூப்பிட்டார்கள். இரண்டு முறையும் மறுத்துவிட்டாள். காரணம் குர்லா. கல்யாணமாகி இங்கே வந்த முதல் வாரம், குர்லா ஸ்டேஷனில் கூட்டம் அவளை என் கையிலிருந்து பிய்த்து வெளியே தள்ளிவிட்டது. ஒரு கால் செருப்பு ரயிலோடு போய்விட்டது. வழி கேட்க இந்தி தெரியாமல் இரண்டு மணி நேரம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பன்னிரண்டு வருடமாகியும் நான் இல்லாமல் ரயில் ஏறியதில்லை. சான்பாடாவுக்கோ குர்லாவில் இறங்கித்தான் வண்டி மாற வேண்டும்.

புத்தாண்டுக் காலை ஆராதனையில் எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்த வசனம் அந்த வருடம் முழுவதற்கும் ஆண்டவர் நமக்குத் தந்த வாக்கு. ஊரிலிருந்து அச்சடித்து வந்த அட்டைகளில் இந்த முறை பத்து குறைந்தது. சபையில் இளசுகளுக்குத் தமிழ் எழுத வராது. ஆகவே பணி என் தலையில் விழுந்தது. ஒன்பது வசனம் எழுதினேன். பத்தாவதற்கு வேதத்தைப் புரட்டச் சோம்பல். புத்தகம் பக்கத்திலேயே கிடந்தது. "நீ அஞ்சும் வாசலுக்கு நேராக நட, அதற்குத் தாழ்ப்பாள் இல்லை" என்று அதிலிருந்து ஒரு வரியை எழுதினேன். கீழே அதிகாரமும் எண்ணும் இல்லாவிட்டால் சந்தேகம் வருமே! வேதத்துக்குள் இருக்கும் ஆகமங்களில் முப்பத்தொரு அதிகாரத்தோடு முடிகிற ஒன்றின் பெயரைப் போட்டு, முப்பத்திரண்டாம் அதிகாரம் என்று துணிந்து எழுதிவிட்டேன். எவன் எண்ணிப் பார்க்கப்போகிறான் என்ற நினைப்பு.

தட்டில் அத்தனை அட்டை கிடக்க, எஸ்தர் அதை எடுத்தாள். வாசித்தாள். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் போனில் பேசிவிட்டு, "திங்கக்கெழமைலருந்து சான்பாடாவுக்கு வாரேன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"தனியாவா?"

"கார்டுல தொணைக்கு ஆள் வருவான்னா போட்டிருக்கு?"

உண்மையைச் சொன்னால் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த துணிச்சல் அந்த நிமிடமே செத்துப்போகும். சொல்லாமல் விட்டு, நெரிசலில் அவள் தவறி விழுந்தால் அந்தப் பழி என்னுடையது. பயத்தை நேருக்கு நேர் பார் என்று அதே புத்தகம் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறது. நான் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, கைக்குட்டையை மூக்குவரை கட்டிக்கொண்டு அவளுக்குத் தெரியாமல் பின்னால் போனேன். சயான் ஸ்டேஷனில் அவள் லேடீஸ் பெட்டியில் ஏறினாள். நான் அடுத்த பெட்டி. குர்லா மேம்பாலத்தில் பத்து அடி தள்ளி நடந்தேன். சான்பாடா வண்டி வந்தது. இறங்குகிற கூட்டமும் ஏறுகிற கூட்டமும் மோதிக்கொண்டதில் அவள் தலை மறைந்துவிட்டது. நான் வெற்றியாளன் என்று சொல்லிப் பார்த்தேன். நாக்கு புரளவில்லை. "ஆண்டவரே, நான் பொய் எழுதிட்டேன், அவளப் பாத்துக்கிடும்" என்றுதான் வாயில் வந்தது. மூன்று மாதத்தில் நான் செய்த ஒரே உருப்படியான ஜெபம் அதுதான். கண்ணில் நீர் வழிய முணுமுணுத்துக்கொண்டு நின்றவனை ஒரு மராட்டியப் பெரியவர் பிடித்துக்கொண்டார். "சக்கர் ஆயா க்யா? பைட்டோ, பைட்டோ" என்று பெஞ்சில் உட்காரவைத்தார். எனக்கு மயக்கம் என்று நினைத்துவிட்டார். விடுங்கள் என்று சொல்லச் சொல்ல வாயில் தண்ணீரை ஊற்றினார். நான் குடித்து முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. லேடீஸ் பெட்டிக் கதவோரம், கம்பியைப் பிடித்தபடி, எஸ்தர் என்னைக் கடந்து போனாள்.

சாயங்காலம் இரண்டு கால் செருப்போடும் வந்து சேர்ந்தாள். ஐந்து நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. சனிக்கிழமை அட்டை விஷயத்தைக் கொட்டிவிட்டேன்; பின்னாலேயே போனதை மட்டும் சொல்லவில்லை.

எஸ்தர் கறிவேப்பிலையை உருவியபடியே சொன்னாள். "முப்பத்திரண்டாம் அதிகாரம்னு பாத்த ஒடனே தெரியும். வருசா வருசம் வேதத்த முழுசா வாசிக்கவளுக்கு அதுகூடவா தெரியாது? ஒங்க கையெழுத்தும் தெரியும்."

"பெறகு ஏன் போன?"

"எழுதுனது நீங்க. அத்தனை அட்டையில அத என் கையில குடுத்தது யாரு?" பிறகு சிரிக்காமல் கேட்டாள், "குர்லால அந்தப் பெரியவர் தண்ணி குடுத்தாரே, குடிச்சியளா?"

நான் ஒரு கொத்துக் கறிவேப்பிலையை எடுத்து உருவ ஆரம்பித்தேன். இப்படி ஒரு கேள்வி புத்தகத்தில் வரவே இல்லை.

அந்த அட்டையை அவள் தூக்கிப் போடவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த வேதத்தில், அந்த ஆகமத்தின் முப்பத்தொன்றாம் அதிகாரம் முடிந்து அடுத்த ஆகமம் தொடங்கும் இடத்தில் செருகி வைத்திருக்கிறாள். ஊருக்குப் போனால் எங்களைப் பம்பாய்க்காரர்கள் என்கிறார்கள். இங்கே எத்தனை வருடமானாலும் மதராசிதான். முடிந்துபோன ஒன்றுக்கும் இன்னும் தொடங்காத ஒன்றுக்கும் நடுவே, எந்த வேதத்திலும் இல்லாத அந்த முப்பத்திரண்டாம் அதிகாரத்தில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். அங்கிருந்துதான் எஸ்தர் தினமும் காலை எட்டேகால் வண்டியைப் பிடிக்கிறாள்.